அமெரிக்க விமானப்படையின் பள்ளி கேடட் திட்டம்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, விமானப்படையின் மேற்பார்வையில் நடக்கும் விருப்பப் பாடம் இது. இதுபோலத் தரைப்படை, கடற்படை, மரைன் படை ஆகியவற்றுக்கும் தனித்தனித் திட்டங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஜே.ஆர்.ஓ.டி.சி. என்பது பொதுப்பெயர். விமானப்படையின் திட்டத்தில் பறத்தலின் வரலாறும் அறிவியலும், விண்வெளி, தலைமைப்பண்பு, உடற்பயிற்சி ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. சேரும் மாணவர்கள் கேடட் எனப்படுவர். பின்னாளில் படையில் சேர வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. கணிதம், ஆங்கிலம் போலக் கால அட்டவணையில் இடம்பெற்று மதிப்பெண் பெறும் பாடம் இது என்பதால், பள்ளி நேரத்துக்குப் பின் நடக்கும் இளைஞர் படைகளிலிருந்து வேறுபடுகிறது.

தோற்றம்

1911இல் வயோமிங் மாநிலத்தின் ஷையென் நகரில் ஸ்டீவர் என்ற தரைப்படை லெப்டினன்ட், விரும்பிச் சேரும் மாணவர்களைக் கொண்டு ஒரு பள்ளி கேடட் படையை உருவாக்கினார். இந்த முயற்சிக்கு 1916ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம் நாடு தழுவிய வடிவம் கொடுத்தது. அப்போது விமானப்படை என்று தனியாக ஒன்று இல்லை. அது 1947இல்தான் பிறந்தது. 1964இல் வந்த சட்டம் மற்றப் படைகளுக்கும் பள்ளித் திட்டங்களைத் திறந்துவிட, 1966இல் 20 பள்ளிகளுடன் விமானப்படையின் திட்டம் தொடங்கியது. 1973இல் மாணவிகளும் முழு உறுப்பினராகக் கணக்கில் கொள்ளப்பட்டனர்.

தலைமையகம் அலபாமா மாநிலம் மான்ட்கமரியில் உள்ள மேக்ஸ்வெல் விமானப்படைத் தளத்தில் இருக்கிறது. 1910இல் ரைட் சகோதரர்கள் விமானம் ஓட்டக் கற்றுத்தர ஒரு பள்ளி நடத்திய நிலம் அது. திட்டத்தை நிர்வகிக்கும் மையத்துக்கு ஜீன் ஹோம் பெயர் சூட்டப்பட்டுள்ளது. விமானப்படையில் ஜெனரல் தரத்தை எட்டிய முதல் பெண் அவர்.

வரலாற்றுப் பாடம்

முதலாண்டு மாணவர்கள் பொதுவாகப் படிப்பது பறத்தலின் வரலாறு. 1783இல் பிரான்சில் மோங்கோல்ஃபியர் சகோதரர்கள் பறக்கவிட்ட வெப்பக்காற்றுப் பலூன், 1896இல் கிளைடர் விபத்தில் உயிர்நீத்த ஜெர்மானியர் ஓட்டோ லிலியென்தால், 1903 டிசம்பர் 17இல் கிட்டி ஹாக் மணல்வெளியில் 12 விநாடி நீடித்த ரைட் விமானம், இரு உலகப்போர்கள், ஜெட் யுகம், நிலாப் பயணம் என்று அது விரிகிறது.

ஆண்டுகளை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிட்டால் இந்தப் பாடத்துக்குப் பெரிய மதிப்பில்லை. அதன் வலு, முடிவெடுத்த மனிதர்களைக் காட்டுவதில் இருக்கிறது. 1901இல் தங்கள் கிளைடர் கணக்கிட்டபடி மேலெழாததைக் கண்ட ரைட் சகோதரர்கள், அதுவரை எல்லாரும் நம்பிய தூக்குவிசை அட்டவணைகளையே சந்தேகித்தார்கள். சொந்தமாக ஒரு காற்றுச் சுரங்கம் செய்து, ஏறத்தாழ 200 இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். அதே காலத்தில் அறிவியலாளர் சாமுவேல் லாங்லி அரசிடமிருந்து 50,000 டாலர் பெற்று உருவாக்கிய விமானம், ரைட் விமானம் பறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு போடோமாக் ஆற்றில் விழுந்தது. இவ்விரு முயற்சிகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் பதினான்கு வயது மாணவருக்குத் தலைமைப்பண்பைத் தனியே போதிக்க வேண்டிய தேவை குறைவு.

இத்தகைய மனிதர்கள் வேறு சிலரும் பாடத்தில் உண்டு. கறுப்பினப் பெண் என்பதால் அமெரிக்காவில் எந்தப் பயிற்சிப் பள்ளியும் ஏற்காத பெஸ்ஸி கோல்மன், பிரெஞ்சு மொழி கற்று, பிரான்சுக்குச் சென்று, 1921இல் விமானி உரிமம் பெற்றார். மேக்ஸ்வெலுக்கு அருகிலேயே உள்ள டஸ்கீகியில் 1941 முதல் பயிற்சி பெற்ற கறுப்பின விமானிகள், நிறப்பாகுபாடு நிலவிய படையில் தங்கள் திறமையை நிறுவினார்கள். 1948இல் அதிபர் ட்ரூமன் ஆணையிட்ட பிறகே படைகளில் அந்தப் பிரிவினை நீங்கத் தொடங்கியது. இராணுவ அதிகாரி பில்லி மிட்செலின் கதை வகுப்பில் விவாதத்துக்கு மிகவும் உகந்தது. விமானத்தால் போர்க்கப்பலை மூழ்கடிக்க முடியும் என்று 1921இல் செய்து காட்டியவர், மேலதிகாரிகளை வெளிப்படையாகச் சாடியதற்காக 1925இல் இராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார். கருத்து சரியாயிருந்தும் கட்டுப்பாட்டை மீறலாமா என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. சீருடை அணிந்த மாணவர்களிடம் அதைக் கேட்கத் துணிவதே இப்பாடத்தின் சிறப்பு.

தலைமைப் பயிற்சி

பாட நேரத்தில் சுமார் 40 விழுக்காடு விமான, விண்வெளி அறிவியலுக்கும் அதே அளவு தலைமைக் கல்விக்கும் எஞ்சியது உடல்நலப் பயிற்சிக்கும் ஒதுக்கப்படுகிறது. குடிமைப் பண்பு, பேச்சும் எழுத்தும், தொழில் வழிகாட்டுதல், நிர்வாகம் ஆகியவை தலைமைக் கல்வியில் ஆண்டுவாரியாக வருகின்றன. ஆசிரியர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரிகளும் அவர்களுக்கு அடுத்த தரநிலையில் இருந்தவர்களும். அவர்களின் ஊதியச் செலவைப் பள்ளியும் விமானப்படையும் பகிர்ந்துகொள்கின்றன.

வாரத்தில் ஒரு நாள் முழுச் சீருடை. அன்று கேடட்களின் உடையை மூத்த கேடட்களே ஆய்வு செய்கிறார்கள். பொதுவாகக் கடைசி ஆண்டு மாணவர்கள் படைப்பிரிவின் தலைவர், துணைத்தலைவர், நிதிப் பொறுப்பாளர் முதலிய பதவிகளை வகித்து நிகழ்ச்சிகளைத் திட்டமிடுகிறார்கள். சக வயதினரை வழிநடத்தும் இந்தப் பொறுப்புக்கு எந்தப் பாடநூலும் ஈடாகாது.

கவாத்தில் 30 கட்டளைகளை வரிசை மாறாமல் ஒரு கேடட் தன் அணிக்குக் கொடுத்து நடத்த வேண்டும். வலப்பக்கம் திரும்பும் கட்டளையை வலக்கால் தரையில் படும் கணத்தில் சொல்ல வேண்டும். பிந்தினால் அணி குலையும். கட்டளையிடுபவர் கேட்பவர்களின் நடையைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அங்கே உடலில் பதிகிறது.

பயன்களும் விமர்சனங்களும்

மூன்றாண்டு முடித்தவர் பின்னர் விமானப்படையில் சேர்ந்தால் அடிமட்டத்துக்கு மேலான தரநிலையில் தொடங்கலாம். 2018இல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம், தேர்வு பெறும் கேடட்களைக் கோடை விடுமுறையில் சுமார் எட்டு வாரம் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பித் தனியார் விமானி உரிமத்துக்குப் பயிற்றுவிக்கிறது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது அரிய வாய்ப்பு. பறக்கக் கற்கும் செலவு அமெரிக்காவிலும் பலருக்கு எட்டாதது.

ஜே.ஆர்.ஓ.டி.சி. முழுவதன் மீதும் வன்மையான எதிர்ப்பும் உண்டு. பள்ளிக்குள் நுழைந்த ஆள்சேர்ப்பு இது என்பது முதன்மைக் குற்றச்சாட்டு. குறைந்த வருவாயுடைய பகுதிகளின் பள்ளிகளில் இது அதிகமாக இருப்பது அந்தச் சந்தேகத்தை வளர்க்கிறது. சான் பிரான்சிஸ்கோ பள்ளி வாரியம் 2006இல் திட்டத்தைப் படிப்படியாக நிறுத்த முடிவுசெய்து, 2009இல் அம்முடிவை மாற்றிக்கொண்டது. 2022இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட புலனாய்வுச் செய்திகள், சில ஊர்களில் மாணவர்கள் கேட்காமலே வகுப்பில் சேர்க்கப்பட்டதையும், பயிற்றுநர்கள் சிலர் மாணவிகளிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதையும் வெளிக்கொணர்ந்தன. விருப்பப் பாடம் என்ற சொல்லுக்கு உண்மையாக நடப்பதும், பயிற்றுநர்களைக் கண்காணிப்பதும் பள்ளி நிர்வாகத்தின் நேரடிக் கடமைகள். சீருடையின் மீதுள்ள மரியாதை அவற்றைத் தளர்த்தக் காரணமாகக் கூடாது.

இதற்கிடையே திட்டத்தின் அமைப்பிலும் ஒரு மாற்றம் வந்தது. 2019இல் விண்வெளிப் படை தனியாக உருவானதைத் தொடர்ந்து, 2021இல் பத்துப் பள்ளிகளின் பிரிவுகள் அப்படையின் பெயருக்கு மாற்றப்பட்டன.