ஷின்சானின் பெரியப்பாக்கள்

நுவரெலியாவுக்கு மேலே பிதுருதலாகலை உச்சியில் நிற்கும் தொலைக்காட்சிக் கோபுரத்துக்கு ஜப்பானோடு ஒரு பழைய உறவு உண்டு. 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கிய ரூபவாஹினி, ஜப்பானிய அரசின் நன்கொடையில் எழுந்த நிலையம். அன்று கோபுரத்தின் காலடியிலிருந்த லயக் காம்பராக்கள் பலவற்றில் மின்சாரமே கிடையாது. இன்று ஹட்டன் பக்கத்துத் தகரக் கூரைகளில் டிஷ் அன்டனாக்கள் வரிசையாக நிற்கின்றன; உள்ளே ஐந்து வயது ஜப்பானியச் சித்திரச் சிறுவன் ஷின்சான் தமிழில் வாயாடிக்கொண்டிருக்கிறான்.

அவன் பிள்ளைகளுக்காகப் பிறந்தவன் அல்லன். யோஷிட்டோ உசுய் 1990இல் அவனை வரையத் தொடங்கிய 'மாங்கா ஆக்‌ஷன்', வேலைக்குப் போகும் ஆண்கள் அன்று வாசித்த வார இதழ். அம்மா அப்பா சண்டை, பணமுடை, இரட்டை அர்த்தப் பேச்சு எல்லாம் அவர்களைச் சிரிக்க வைக்க எழுதியவை. 1992இல் தொலைக்காட்சிக்கு வந்த பிறகுதான் குழந்தைகள் அவனைத் தத்தெடுத்தார்கள்.

பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் இப்படிப் போய்வருவது ஜப்பானியச் சித்திரப்படத்தில் முதல் தடவை அல்ல. 'அஸ்ட்ரோ பாய்' சிறுவனைப் படைத்த ஒசாமு தெசூக்காவின் முஷி நிறுவனமே 1969இல் 'ஆயிரத்தொரு இரவுகள்' என்ற படத்தைப் பெரியவர்களுக்கென்று எடுத்தது. அமெரிக்காவில் 'ஃபிரிட்ஸ் த கேட்' பரபரப்பைக் கிளப்பியதற்கு மூன்று ஆண்டுகள் முந்தைய கதை இது. 'ஆயிரத்தொரு இரவுகள்' படத்துக்குக் கூட்டம் வந்தது. 1970இல் வந்த 'கிளியோபாட்ரா' கைகொடுக்கவில்லை. மூன்றாவது படமான 'பெல்லடோனா' 1973இல் பெர்லின் திரைப்பட விழா வரை போயும் வசூலில் படுத்தது. தெசூக்கா அதற்கு முன்பே விலகியிருந்தார். அதே ஆண்டில் முஷி திவாலானது.

ஆனால் 'பெல்லடோனா'வை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. எய்ச்சி யாமமோட்டோ இயக்கிய அந்தப் படத்தில் உருவங்கள் அதிகம் அசைவதில்லை. நீண்ட நீர்வண்ண ஓவியங்களின் மேல் கேமராதான் மெல்ல ஊர்கிறது. காசு குறைவு என்பது ஒரு காரணம். அந்தக் குறையையே அழகாக்கிக் காட்டியது படத்தின் கெட்டித்தனம். அதன் அசைவூட்டத்தைப் பொறுப்பேற்ற கிசபுரோ சுகீ, 1985இல் 'பால்வெளி ரயிலில் ஓர் இரவு' என்ற சிறுவர் கதையைப் படமாக்கினார். அமைதியும் மரணமும் கலந்த அந்தப் படத்தின் நிதானம் திடீரென்று முளைத்ததல்ல.

முஷி ஆட்டங்கண்டபோதே ஆட்கள் சிதறினார்கள். 1972இல் ஒரு கூட்டம் மேட்ஹவுஸை நிறுவியது. இன்னொரு கூட்டம் பின்னாளில் சன்ரைஸ் ஆன நிறுவனத்தை. 1979இன் 'கண்டாம்' ரோபோத் தொடர் இரண்டாவது வீட்டில் பிறந்தது. 1998இன் 'கார்ட்கேப்டர் சகுரா' முதல் வீட்டில்.

இதைவிட ருசியான கதை 'லூபின்' என்ற திருடனுடையது. அந்தத் திருடனும் 'மாங்கா ஆக்‌ஷன்' பெற்ற பிள்ளைதான். 1971இல் மசாக்கி ஒசுமி அதைப் பெரியவர்களுக்கான தொலைக்காட்சித் தொடராக எடுத்தார். பார்ப்பவர்கள் குறைவாக இருந்ததால் கொஞ்சம் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றச் சொன்னார்கள். அவர் மறுத்து விலகவே, பொறுப்பு இரண்டு இளைஞர்களிடம் போனது: இசாவோ தக்காஹாட்டா, ஹயாவோ மியசாக்கி. மியசாக்கி முதன்முதலாக இயக்கிய முழுநீளப் படமும் லூபின் கதைதான், 1979இல். உலகமே கொஞ்சும் 'டொட்டோரோ'வுக்குப் போகிற வழியில் ஒரு சபலத் திருடன் நிற்கிறான்.

எண்பதுகளில் வீடியோ நாடா பரவியதும் வாசல் இன்னும் அகன்றது. 1984இல் தொடங்கிய 'கிரீம் லெமன்' வயதுவந்தோருக்கு மட்டுமான வரிசை. அதில் ஒரு பகுதியாக யோசிக்கப்பட்ட கதையே திசைமாறி, 1986இல் 'புராஜெக்ட் ஏ-கோ' என்ற நகைச்சுவைப் படமாகத் திரையரங்குக்கு வந்தது. அந்த வரிசையில் குப்பையும் நிறைய. அதை மறைத்துப் புகழ வேண்டியதில்லை.

பெரியவர் கதை பிள்ளைகளிடம் போய்ச் சேரும் இந்த இடப்பெயர்ச்சி மலையக வாசகருக்குப் புதிதாக இருக்காது. மாசியில் தோட்டத்துக் காமன் கூத்தில் ஆடப்படுவது மன்மதனும் ரதியும், ஆசையும் எரிப்பும். கதை பெரியவர்களுடையது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு முன்வரிசையில் விழித்திருப்பவர்களோ பிள்ளைகள்.

இந்தியாவில் ஷின்சானுக்கு எதிராகப் பெற்றோர் குரல் எழுப்ப, 2008இல் அவன் ஒளிபரப்பு நின்றது. அடுத்த ஆண்டு வெட்டுகளோடு திரும்பி வந்தான். டிஷ் வழியாக லயத்துப் பிள்ளைகள் பார்ப்பது அந்த வெட்டுப்பட்ட ஷின்சானை.