மருத்துவர் துணையுடன் இறத்தல்: கொங்கு நாடும் இந்தியச் சட்டமும்

தீராத நோயாளி கேட்டுக்கொண்டாலும் மருத்துவர் மருந்து கொடுத்து அவர் உயிரை முடித்துவைப்பது இந்தியாவில் குற்றம். நெதர்லாந்தில் 2002 முதலும் கனடாவில் 2016 முதலும் சில நிபந்தனைகளோடு அதற்குச் சட்ட அனுமதி உண்டு. இங்கே அனுமதி இருப்பது, பிழைக்க வழியே இல்லாதவருக்கு வென்டிலேட்டர் போன்ற உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடங்காமல் விடுவதற்கும் நிறுத்துவதற்கும் மட்டுமே.

விரும்பிச் சாவை ஏற்பது கொங்கு மண்ணுக்குப் புதிதல்ல. கோவையிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில் பெருந்துறைக்கு முன்னால் வருகிறது விசயமங்கலம். அங்குள்ள சந்திரப்பிரபர் சமணக் கோயிலில் புள்ளப்பை என்ற பெண்ணுக்கான நிசீதிகை எனும் நினைவுக்கல் இருக்கிறது. அவர் சரவணபெளகொளாவில் கோமதேசுவரர் சிலையை எழுப்பிய கங்க அமைச்சர் சாமுண்டராயரின் தங்கை. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். உணவைப் படிப்படியாகக் குறைத்து உயிர்விடும் சல்லேகனை நோன்பிருந்து மறைந்தவர். இந்த நோன்பைத் தற்கொலை என்று ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் 2015 ஆகஸ்ட் 10-இல் சொன்னது. அதே மாதம் 31-ஆம் தேதி உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது.

சல்லேகனையில் முடிவு நோன்பிருப்பவருடையது. விருதுநகர் பக்கம் பேசப்படும் தலைக்கூத்தலில் முடிவெடுப்பது வீட்டார். படுத்த படுக்கையான முதியவரைக் குடும்பமே முடித்துவிடும் அந்த வழக்கம், தப்பியோடிய ஒரு முதியவரால் 2010-இல் வெளிச்சத்துக்கு வந்தது. தேசிய விருது பெற்ற 'பாரம்' படத்தின் கருவும் அதுதான். சட்டத்தைத் தளர்த்தினால் பாரமாகிவிட்ட பெரியவர்களின் கதி என்ன என்று கேட்பவர்களின் அச்சம் வீண் அச்சமல்ல.

சாகும் உரிமை வாழும் உரிமைக்குள் அடங்காது என்று 1996-இல் ஞான் கவுர் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருந்தது. பேச்சை மாற்றியது அருணா ஷான்பாக் வழக்கு. மும்பை கெம் மருத்துவமனைச் செவிலியரான அவர் 1973 நவம்பரில் வன்முறைக்கு ஆளாகி நினைவிழந்தார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்தச் சொல்லிப் பத்திரிகையாளர் பிங்கி விரானி மனுப் போட்டார். அத்தனை ஆண்டும் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுப் பார்த்துக்கொண்ட செவிலியர்கள் மறுத்தார்கள். அவர்கள் பக்கமே நின்று, 2011 மார்ச் 7-இல் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. ஆனால் உயர்நீதிமன்ற அனுமதியோடு சிகிச்சையை நிறுத்தலாம் என்று பொதுவாக வழி திறந்தது. அருணா 2015 மே 18-இல் நிமோனியாவால் இறந்தார்.

கண்ணியமாக இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் உரிமையே என்று 2018 மார்ச் 9-இல் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. நினைவு தப்பினால் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். 2023 ஜனவரியில் நடைமுறை எளிதானது: நீதித்துறை நடுவருக்குப் பதில் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்றளித்தால் போதும். தலா மூன்று மருத்துவர்கள் கொண்ட இரண்டு குழுக்கள் நோயாளியின் நிலையை ஆராய வேண்டும்.

கொங்குப் பகுதியின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இந்தக் குழுக்களைவிடப் பழக்கமானது ஒரு கையெழுத்து. பணமும் நம்பிக்கையும் தீர்ந்த குடும்பம் "ஊட்டுக்கே கொண்டுபோயிர்றமுங்க" என்று சொல்லி, சொந்தப் பொறுப்பில் என எழுதிக்கொடுத்து அழைத்துப்போகிறது. ஆம்புலன்சில் ஒருவர் காற்றுப்பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுத்தபடியே வருகிறார். வீட்டில் குழாயை எடுத்ததும் சொந்தங்கள் ஒவ்வொருவராக வாயில் பால் விடுகிறார்கள். இதுவும் உயிர்காக்கும் கருவியை எடுப்பதுதான். ஆனால் மூச்சுத் திணறலுக்கு மருந்தில்லை, பக்கத்தில் மருத்துவரில்லை, நோயாளி என்ன நினைத்தார் என்று யாரும் கேட்கவுமில்லை. இது கொடுமை.

வலி தணிந்தால் சாவைக் கேட்பவர்களில் பலர் கேட்கமாட்டார்கள் என்பது வலிநிவாரண மருத்துவர்களின் நெடுநாள் வாதம். வலி தணிக்கும் மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்க 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது.

சிகிச்சையை நிறுத்துவதற்கான வரைவு நெறிமுறையை ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2024 செப்டம்பரில் வெளியிட்டபோது, இது மருத்துவர்களைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடும் என்று இந்திய மருத்துவச் சங்கம் எதிர்த்தது. உச்சநீதிமன்றத் தீர்ப்பை நடைமுறைப்படுத்த 2025 ஜனவரியில் ஆணை போட்டது, திம்பம் மலைப்பாதைக்கு அந்தப் பக்கமுள்ள கர்நாடகம். எழுதிவைத்த விருப்ப ஆவணத்தின் நகலைப் பாதுகாக்க மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி என ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் ஓர் அலுவலர் வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது; கோவை மாநகராட்சிக்கும் அது பொருந்தும்.