இணைப்பில்லாக் கூரையின் பழைய வரலாறு

மொட்டை மாடிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இன்று பெரிதும் பேசப்படுபவை 'இணைப்பில்லா' நீர்த்தடுப்புப் பூச்சுகள். அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் திரவத்தை உருளையாலோ தெளிப்பானாலோ தளம் முழுவதும் இட்டால், அது உலர்ந்து ஒரே படலமாகிறது. ஒட்டுப்போட்ட இடமே இல்லை என்பது அதன் தனிச்சிறப்பாகச் சொல்லப்படுகிறது. ஆனால் இந்தியத் தட்டைக் கூரையின் வரலாற்றில் இணைப்பின்மை புதுமையன்று. இடையில் புதிதாக வந்தது இணைப்புதான். அந்த வரலாற்றைத் தொழிற்சொற்களின் வழியாகவும் படிக்க முடியும்.

சிமென்ட்டுக்கு முந்தைய வங்காளத்து மாடிக் கட்டடங்களில், விட்டங்களின் மேல் செங்கல்லோ ஓடோ பரப்பி, அதன்மேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, சுர்க்கி சேர்ந்த கலவையைக் கனமாகப் போட்டார்கள். சுர்க்கி என்பது செங்கற்பொடி. சிவப்பைக் குறிக்கும் 'சுர்க்' என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். சுட்ட களிமண்ணின் பொடி சுண்ணாம்புடன் வினைபுரிந்து, ஈரத்தைத் தாங்கும் பிணைப்பைத் தருகிறது. சென்னைக் கட்டடங்களின் 'மெட்ராஸ் டெரஸ்' இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

கலவையைப் போட்டதும் வேலை முடிந்துவிடுவதில்லை. மரக் கட்டைகளால் அதை நாட்கணக்கில் அடித்து இறுக்க வேண்டும். அடி விழ விழக் காற்றிடைவெளிகள் மூடும். இறுகும்போது தோன்றும் நுண்வெடிப்புகள் அடைபடும். சுண்ணாம்புக் குழைவு மேலெழுந்து முகம் வழவழப்பாகும். வெல்லத்தோடு கடுக்காயையோ வில்வப்பழத்தையோ சேர்த்த நீரைத் தெளிப்பதும் வழக்கம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 3036 இச்சுண்ணாம்புத் தளத்துக்கென்றே எழுதப்பட்ட நெறிமுறை.

நாள் முழுவதும் அடிப்பதற்கு ஒரு தாளம் வேண்டியிருந்தது. வங்க நாட்டார் வழக்கில் 'சாத் பேட்டானோர் கான்' என்றொரு பாடல் வகையே உண்டு. கூரையை அடிக்கும் பாட்டு என்பது பொருள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, வரிசையாக அமர்ந்தவர்கள் தட்டியபடியே பின்பாட்டுப் பாடுவர். பாட்டின் பொருள் காதலாகவோ கேலியாகவோ இருக்கும். அதன் பயன், பல கைகளை ஒரே நேரத்தில் விழச் செய்வது. தளம் முழுவதும் ஒன்றேபோல் இறுகியதில் அந்தப் பாட்டுக்கும் பங்குண்டு.

பஞ்சாப், தில்லிச் சமவெளியில் மழையைவிடக் கோடை கொடியது. அங்கே வழங்கிய முறை 'மட் புஸ்கா': களிமண்ணோடு நறுக்கிய வைக்கோலைக் குழைத்துக் கனமாகப் பரப்பி, சாணமும் மண்ணும் மெழுகி, மேலே செங்கல் ஓடு பதிப்பது. மண்ணும் வைக்கோலும் வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால், உச்சிவெயிலின் சூடு அறைக்குள் இறங்கப் பல மணி நேரம் ஆகும். ஐ.எஸ். 2115 இதற்கான நெறிமுறை. இரண்டு மரபுகளிலும் நீரைத் தடுத்த அடுக்கே வெப்பத்தையும் தாமதப்படுத்தியது. அதற்கு வேண்டிய கனம் அதனிடம் இருந்தது.

20ஆம் நூற்றாண்டில் பரவிய ஆர்.சி.சி. தளம் இந்தக் கூட்டைப் பிரித்தது. தளம் மெலிந்தது, வேலை விரைவாயிற்று. ஆனால் பகலில் விரிந்து இரவில் சுருங்கும் கான்கிரீட் வெடிக்கிறது. வெடிப்பில் இறங்கும் நீர் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கொள்வதால் கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது. ஆகவே நீர்த்தடுப்பு தனியொரு வேலையாயிற்று. தார்த்தாள்களை ஒன்றன் விளிம்பின்மேல் மற்றொன்றாக ஒட்டினார்கள். இணைப்பு கூரைக்குள் நுழைந்தது இங்கேதான். ஒட்டு விட்ட இடத்தில் ஒழுக்கும் நுழைந்தது.

மும்பையில் இன்றும் வழங்கும் 'பிரிக்பேட் கோபா' இம்மாற்றத்தின் நல்ல சான்று. 'கோபா' என்னும் மராத்திச் சொல் அடித்து இறுக்கிய சுண்ணாம்புத் தளத்தைக் குறித்தது. இன்றைய கோபாவில் செங்கல் துண்டுகளைச் சிமென்ட் கலவையில் பதிக்கிறார்கள், நாட்கணக்கில் அடிப்பதில்லை. சொல் நிலைத்துவிட்டது, அது சுட்டிய செயல் மறைந்துவிட்டது.

திரவப் பூச்சு பழைய இணைப்பின்மையை மீட்டுத் தந்திருக்கிறது. பழைய கனத்தை மீட்கவில்லை. ஓரிரு மில்லிமீட்டர் படலம் மழையைத் தடுக்கும், கான்கிரீட்டின் வழியே இறங்கும் வெப்பத்தைத் தடுக்காது. வெண்ணிறப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பும். ஆனால் தூசு படியப் படிய அத்திறன் குறையும். உண்மையான வெப்பத்தடுப்புக்கு, தெளித்ததும் பொங்கி இறுகும் பாலியூரித்தேன் நுரை போன்ற ஓர் அடுக்கு வேண்டும். அதுவும் இணைப்பில்லாதது, எனினும் வெயிலில் சிதைவதால், அதன்மேல் காப்புப் பூச்சு கட்டாயம். பூச்சுக்கு அடியிலுள்ள தளம் ஈரமாக இருந்தால் ஆவி வெளியேற வழியின்றிப் படலம் கொப்புளிக்கும். வாட்டம் சரியில்லாமல் நீர் தேங்கினால் பூச்சின் ஆயுள் குறையும். அடிக்கும் உழைப்பு போனாலும், தளத்தைப் பக்குவப்படுத்தும் உழைப்புக்கு இன்றும் மாற்றில்லை.

இந்த வேறுபாடு உயிரோடு தொடர்புடையது. 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 பாகை செல்சியசைத் தொட்டது; அம்மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 இறப்புகள் கூடுதலாக நிகழ்ந்ததாக ஆய்வு கணக்கிட்டது. 2013இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. பின்னர் எளியோர் வீட்டுக் கூரைகளுக்கு வெண்பூச்சு இடும் முயற்சியும் அதனோடு சேர்ந்தது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கெனத் தனிக் கொள்கையே அறிவித்தது.

ஒழுகும் கூரை சுவரில் கறையாகத் தெரியும். சூடேறும் கூரை அப்படித் தெரிவதில்லை. அதனால் ஒழுக்கு நின்றதும் பழுது தீர்ந்ததாகக் கொள்கிறோம். பழைய தளத்தில் ஒன்றாயிருந்த இரு பணிகளும் இன்று தனித்தனிப் பொருள்களாக விற்கப்படுகின்றன. இரண்டில் எதை வாங்குகிறோம் என்பதை வாங்குபவர் கேட்டறிய வேண்டியிருக்கிறது. ஆய்வாளருக்கும் இதில் வேலை உண்டு. கூரையடித்த பாட்டைத் தொகுப்பவர் அந்தத் தளத்தின் கலவையையும், கலவையைச் சோதிப்பவர் அந்தப் பாட்டின் தாளத்தையும் சேர்த்தே பதிவுசெய்தால்தான் இக்கூரையின் வரலாறு முழுமைபெறும்.