சதுரக்கள்ளியும் சப்பாத்திக்கள்ளியும்

தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர்க் கணவாயைச் சூழ்ந்த குன்றுகளில் உள்ளதைப் போன்ற வறண்ட முட்காடுகளில் வளரும் இரு பூக்குந் தாவரங்கள். பெயரில் இரண்டும் கள்ளி; வம்சத்தில் ஒட்டுறவு மிகக் குறைவு. சதுரக்கள்ளி (யூஃபோர்பியா ஆன்டிகோரம்) ஆமணக்குக் குடும்பம், மரவள்ளிக்குப் பங்காளி. சப்பாத்திக்கள்ளி (ஒபன்சியா டில்லெனி) காக்டேசி குடும்பம். தண்டுக்கீரையும் பருப்புக்கீரையும் காகிதப்பூவும் அடங்கிய வரிசையைச் சேர்ந்தது. இவ்விரு கள்ளிகளின் மூதாதையர் பிரிந்து 10 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது.

ஒற்றுமை வறட்சி கொடுத்தது. இரண்டிலும் தண்டே நீர்த்தொட்டி, தண்டே சமையற்கட்டு. இலைகள் சிறுத்து உதிர்ந்துவிடும். பகல் வெயிலில் நீர் போகாதபடி இலைத்துளைகளின் வேலையைத் தண்டிலுள்ள துளைகள் இரவில் செய்கின்றன.

கீறிப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். சதுரக்கள்ளியில் வெண்பால் வடியும். கண்ணில் பட்டால் ஆபத்து. பெண்சிசுக் கொலையோடு சேர்த்துப் பேசப்பட்டதால் சேலம், தருமபுரி வட்டாரத்தில் 'கள்ளிப்பால்' என்பது வெறும் தாவரவியல் சொல் அல்ல. அக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில்தான் தொடங்கியது. சப்பாத்திக்கள்ளியில் பால் கிடையாது, வழவழப்பான சாறுதான். முள்ளும் வேறு: முன்னதில் விளிம்போரம் இரட்டை இரட்டையாக, பின்னதில் கொத்தாக, நடுவே கண்ணுக்கு எளிதில் தெரியாத சுணை முட்களோடு. பெரிய முள்ளைவிடச் சுணைதான் தொல்லை.

சதுரக்கள்ளி இம்மண்ணுக்குரியது. சப்பாத்திக்கள்ளி இனங்கள் அமெரிக்காவிலிருந்து வந்தவை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்க்க சென்னை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததோ வேறொரு பூச்சி. சாயம் தேறவில்லை, ஒரு கள்ளி இனத்தைத் தின்று தீர்த்தது. டில்லெனியை அது தொடவில்லை. அந்தக் கள்ளியை அடக்க 1926இல் இலங்கையிலிருந்து மற்றொரு பூச்சியைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

பூவில் ஒப்புமையே இல்லை. சப்பாத்திக்கள்ளியில் பெரிய மஞ்சள் பூ. தொட்டால் மகரந்தத்தாள்கள் உள்நோக்கி வளையும். சதுரக்கள்ளியில் ஒரு பூவாகத் தெரிவது ஒரு சிறு கிண்ணம்: நடுவில் ஒரு பெண்பூ, சுற்றி ஒற்றைத்தாள் ஆண்பூக்கள். அதன் காய் மூன்று பிளவாக உலர்ந்து வெடிக்கும். சப்பாத்திப் பழத்தையோ தரையில் தேய்த்துச் சுணை போக்கித் தின்னலாம். நாக்கும் விரலும் செக்கச்செவேலென்று ஆகிவிடும்.