கோவேறு கழுதைகள் நடந்த வழி

1954 ஜனவரி 3-ஆம் தேதி ‘வாஷிங்டன் போஸ்ட்’ ஒரு தலையங்கம் எழுதியது. பொட்டோமாக் நதிக்கரையில் பாழடைந்து கிடக்கும் பழைய கால்வாயை ஒட்டிக் கார்களுக்கு ஒரு சாலை போடலாம் என்ற அரசின் யோசனை நல்லதுதான் என்பது அதன் கருத்து. படித்துக் கொதித்துப்போனவர் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ். தலையங்கம் எழுதியவர் என்னோடு அந்தக் கரையில் முழுத் தூரமும் நடந்து வரட்டும், அப்புறம் சாலையைப் பற்றிப் பேசட்டும் என்று பத்திரிகைக்கே கடிதம் போட்டார். பத்திரிகையும் சவாலை ஏற்றுக்கொண்டது.

மார்ச் 20-ஆம் தேதி மேரிலாந்து மாநிலத்துக் கம்பர்லாந்திலிருந்து நடை கிளம்பியது. எட்டு நாள். கால்வாயின் நீளம் 184.5 மைல், அதாவது 297 கிலோமீட்டர். வழியில் பலர் சேர்ந்தார்கள், பலர் கால் நோகக் கழன்றுகொண்டார்கள். கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள் ஒன்பதே பேர். அதில் டக்ளஸும் உண்டு. அப்போது அவருக்கு வயது 55. நடை முடிந்தபின் பத்திரிகை தன் நிலையைப் பெருமளவு தளர்த்திக்கொண்டது. சாலை வரவே இல்லை.

அந்தக் கரைதான் இன்று கிராவல் பைக் ஓட்டுகிறவர்கள் வாழ்நாளில் ஒருமுறையாவது போய்வர ஏங்கும் வழிகளில் ஒன்றின் கீழ்ப்பாதி. மேல்பாதி கம்பர்லாந்தில் தொடங்கி அலெகனி மலைகளைத் தாண்டிப் பிட்ஸ்பர்க் போகிறது. இரண்டையும் சேர்த்தால் சுமார் 334 மைல். மண்ணும் சரளையும் பொடித்த சுண்ணாம்புக்கல்லும்தான் தரை. கொஞ்சம் அகலமான டயர் இருந்தால் போதும்.

ஆனால் இந்த வழியை யாரும் சைக்கிளுக்காகப் போடவில்லை. அது பிறந்தது 1828 ஜூலை 4 அன்று. செசபீக்–ஒஹையோ கால்வாய்க்கு முதல் மண் வெட்ட வந்த குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸின் மண்வெட்டி ஒரு மரக்கட்டையில் மோதி நின்றது. மறுபடி ஓங்கினார், இறங்கவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு வெட்டினார், கூட்டம் ஆர்ப்பரித்தது. அதே நாளில் பால்டிமோரில் பி அண்ட் ஓ ரயில்பாதைக்கு முதல் கல் நடப்பட்டது. இரண்டுக்கும் ஒரே குறி: மலைக்கு அப்பாலுள்ள ஒஹையோ ஆற்றுப் பகுதியின் வணிகம். கால்வாய் பிட்ஸ்பர்க் வரை போக வேண்டும் என்பது திட்டம்.

படகுகளை இழுத்தவை கோவேறு கழுதைகள். அவை நடக்கத் தண்ணீரை ஒட்டிப் பன்னிரண்டு அடி அகலத்துக்கு ஒரு கரை. கால்வாயில் தண்ணீர் மட்டமாக நிற்க வேண்டும் என்பதால் கரையும் மட்டமாகவே போகும். நிலம் உயரும் இடத்தில் மட்டும் லாக் என்னும் கதவடைப்பு கட்டி, தண்ணீரை நிரப்பிப் படகை ஒரு படி மேலேற்றுவார்கள். இப்படி 74 லாக்குகள், மொத்த ஏற்றம் 605 அடி. மலைநாட்டுக்குள் இத்தனை மைல் போயும் சைக்கிள்காரரின் தொடை வலிக்காததன் ரகசியம் இதுதான். லாக் வரும்போது மட்டும் சட்டென்று ஒரு சின்ன மேடு. ஏறினால் மறுபடி மட்டம்.

இதையெல்லாம் வெட்டியவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைப்பதில்லை. பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகள். ஜெர்மானியர், ஆங்கிலேயர், வெல்ஷ்காரர்களும் இருந்தார்கள். 1832-இல் காலரா அவர்களுடைய குடிசைகளுக்குள் புகுந்து வாரிக்கொண்டு போனது. 1834-இல் தொழிலாளர்களுக்குள் மூண்ட கலவரத்தை அடக்கக் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் ராணுவத்தை அனுப்பினார். பா-பா என்ற ஊருக்குப் பக்கத்தில் நதி வளைந்து வளைந்து போவதால், மலையையே குடைந்து 3,118 அடிக்கு ஒரு சுரங்கம் போட 1836-இல் இறங்கினார்கள். இரண்டு வருடத்தில் முடித்துவிடலாம் என்ற கணக்கு பதினான்கு வருடம் இழுத்தது. ஒப்பந்தக்காரர் திவாலானார். இன்று அந்தச் சுரங்கத்துக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு சைக்கிளைத் தள்ளி நடக்கும்போது, கைப்பிடிக் கட்டையைத் தடவிப் பார்க்க வேண்டும். படகுக் கயிறு உரசி உரசி விழுந்த தடங்கள் விரலுக்குத் தட்டுப்படும். இந்த வழி முழுவதிலும் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றும் ஆவணம் அதுதான்.

1850-இல் கால்வாய் ஒருவழியாகக் கம்பர்லாந்தை எட்டியபோது, ரயில் அங்கே வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. மலையைத் தாண்டும் கனவு அதோடு நின்றது. நிலக்கரி ஏற்றிக்கொண்டு கால்வாய் இன்னும் பல பத்தாண்டு பிழைத்தது. 1889 வெள்ளம் அதைத் திவாலாக்கிப் போட்டியாளரான பி அண்ட் ஓ நிறுவனத்தின் பிடிக்குள் தள்ளியது. 1924 வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்தே நின்றுபோனது. 1938-இல் மத்திய அரசு 20 லட்சம் டாலருக்குக் கால்வாயை வாங்கியது. பொருளாதார மந்தக் காலத்து வேலைத்திட்டத்தில் சேர்ந்திருந்த கறுப்பின இளைஞர்கள் வாஷிங்டன் பக்கத்து 22 மைலைச் சீர்படுத்தினார்கள். பின்னாளில் பூங்காவாகிவிட்ட இந்தக் கால்வாயை 1977-இல் டக்ளஸுக்கு அர்ப்பணித்தார்கள், நியாயம்தான். ஆனால் அவர் நடந்து காட்டியதற்கு முன்பே இடிந்த கரையைக் கட்டி எழுப்பிய இந்த இளைஞர்களையும் சேர்த்துத்தான் நான் நினைத்துக்கொள்வேன்.

டக்ளஸ் ஒரு நடையோடு விட்டுவிடவில்லை. ஆண்டுதோறும் நடந்தார், குழு அமைத்தார், அதிகாரிகளை விடாமல் நெருக்கினார். 1961-இல் குடியரசுத் தலைவர் ஐசனோவர் கால்வாயைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். 1971 ஜனவரியில் குடியரசுத் தலைவர் நிக்சன் கையெழுத்திட, அது தேசிய வரலாற்றுப் பூங்காவானது.

மேல்பாதியின் கதை தலைகீழானது. அங்கே தோற்றது ரயில். வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வே 1912-இல் மலைக்கு மேல் போட்ட தடம் 1975-இல் கைவிடப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்த படுகையில் சைக்கிள் பாதை போட ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் இறங்கினார்கள். 1986-இல் ஒஹையோபைல் என்ற ஊருக்குப் பக்கத்தில் முதல் துண்டு திறந்தது. பிறகு பாலம் பாலமாக, துண்டு துண்டாகச் சேர்த்து, 2006-இல் கம்பர்லாந்தைத் தொட்டார்கள். 2013-இல் பிட்ஸ்பர்க்கின் ஓரத்தில், ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவை ஒட்டியிருந்த கடைசி மைல் இணைந்தது. ஆடம்ஸ் மண் வெட்டி 185 வருடம் கழித்து, கால்வாய் போக நினைத்த ஊருக்குக் கால்வாய்க் கரையிலிருந்தே தொடர்ந்து போய்ச் சேர முடிந்தது, அதைத் தோற்கடித்த ரயில்களின் குடும்பத்தில் ஒன்று விட்டுச்சென்ற தடத்தின் மேல்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. பிட்ஸ்பர்க்கில் தொடங்குங்கள். அந்தப் பக்கம் ஏற்றம் நூறு மைலுக்கு மேல் மெல்லப் பரந்துகிடக்கிறது. நீராவி என்ஜினால் செங்குத்தில் ஏற முடியாது என்பதால் அப்படிப் போட்ட தடம். அந்தப் பலன் இன்று நமக்கு. நீர் பிரியும் முகடு 2,392 அடி. அதைத் தாண்டி, 3,294 அடி நீளமுள்ள பிக் சாவேஜ் சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வந்தால், கம்பர்லாந்து வரை இருபது மைலுக்கு மேல் இறக்கம்தான். அங்கிருந்து நதி கூடவே வரும். கரையில் ஐந்தாறு மைலுக்கு ஒரு இலவச முகாம் இடம் உண்டு, பெரும்பாலும் அடிபம்ப்பும் இருக்கும். மழை பெய்த மறுநாள் பழைய மண்பகுதிகளில் சேறு சக்கரத்தைக் கவ்வும். மட்கார்டுக்கு உள்ளே இடைவெளி விட்டுவையுங்கள். குளிர்காலத்தில் பிக் சாவேஜ் சுரங்கத்தின் கதவுகளை மூடிவிடுவார்கள். உள்ளே கசியும் நீர் உறைந்தால் சுவர் பெயர்ந்துவிடும். வசந்தத்தில் கதவு திறந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.