காலிக் கோட்டையைச் சுற்றி ஒரு நடை

கோட்டை என்றதும் நம் நினைவுக்கு வருவன மலையுச்சியும் மூச்சு வாங்கும் படிகளுமே. ஆனால் முதியவர்களும் சிறுவர்களும்கூட மதிலின் மீதே நடந்து பார்க்கக்கூடிய கோட்டை ஒன்று உண்டு. அது கொழும்பிலிருந்து தெற்கே ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தொலைவில், இலங்கையின் காலி நகரில் உள்ளது. கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு சிறு நிலமுனை முழுவதும் இக்கோட்டையே. நிதானமாக நடந்தாலும் இரண்டு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். வெயில் தாழ்ந்த பின் புறப்படுவது நல்லது.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இங்கே அரண் எழுப்பினர். 1640இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நிலமுனை முழுவதையும் கல்மதிலால் வளைத்தனர்.

ஆங்கிலேயர் 1873இல் திறந்த பெரிய வாயிலில் நம் நடையைத் தொடங்குவோம். நிலத்தை நோக்கிய இப்பக்கத்தில் விண்மீன், நிலா, சூரியன் என்னும் பெயர்களுடன் மூன்று கொத்தளங்கள் நிற்கின்றன. மணிக்கூண்டு அருகே உள்ள நிலாக் கொத்தளத்தின் மீது ஏறி நின்று பாருங்கள். மதில் வானளாவ உயரவில்லை; பருமனாக இருக்கிறது. கொத்தளமும் வட்டமாக இல்லாமல் கூர்முனையுடன் வெளியே நீண்டிருக்கிறது. இது ஏன்?

காரணம் பீரங்கி. உயர்ந்து மெலிந்த சுவரைப் பீரங்கிக் குண்டு எளிதில் சாய்த்துவிடும். மண் நிரப்பிய பருத்த மதிலோ குண்டின் வேகத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். வட்டக் கோபுரத்தில் வேறொரு குறையும் உண்டு. அதன் அடியில் ஒட்டி நிற்கும் பகைவனை மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ குறிபார்க்க இயலாது. கூர்முனைக் கொத்தளத்தில் அப்படி மறைவிடம் இல்லை. ஒன்றின் சுவரோரம் முழுவதையும் அடுத்த கொத்தளத்திலிருந்து சுட முடியும். வடிவ கணிதம் இங்கே காவல் வீரனாக நிற்கிறது!

விண்மீன் கொத்தளம் சென்று தெற்கே திரும்பினால், வலப்புறம் கடல், இடப்புறம் ஓட்டு வீடுகள் நிறைந்த ஊர். சில இடங்களில் கைப்பிடிச் சுவர் இல்லை; சிறுவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்க. கடலடியில் பாறைகள் மிகுந்திருப்பதால் இப்பக்கம் இயற்கையே காவல் செய்தது. தென்முனையில் உள்ள கொடிப்பாறையிலிருந்து, வரும் கப்பல்களுக்கு ஆபத்தை எச்சரித்தனர்.

அடுத்துள்ள உத்ரெக்ட் கொத்தளத்தில் 1939இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் ஓங்கி நிற்கிறது. இங்கே மதிலை விட்டிறங்கித் தெரு வழியே வடக்கே சென்றால் பழைய வாயிலை அடையலாம். அதன் உட்புறத்தில் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னமும் 1669 என்னும் ஆண்டும் செதுக்கப்பட்டுள்ளன. வெளிப்புறத்தில் இருப்பதோ ஆங்கில அரசின் சின்னம். ஆட்சி மாறிய கதையை ஒரே வாயில் இருபுறமும் சொல்கிறது.

நடந்து வந்த தெருக்களுக்கு அடியிலும் ஒரு விந்தை உண்டு. கடல் ஏற்றத்தின்போது நீர் புகுந்து கழுவிச் செல்லுமாறு ஒல்லாந்தர் கழிவுநீர்க் கால்வாய்களை அமைத்திருந்தனர்.

இவ்வளவு கருத்துடன் எழுப்பிய மதில் 1796இல் போரின்றியே ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கொழும்பு பணிந்ததும் காலியும் பணிந்தது. ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. கோட்டைக்கு வெளியே இருந்த பேருந்து நிலையமும் கடைவீதியும் நீரில் சிதைந்தன, பலர் மாண்டனர். மதிலுக்குள் இருந்த ஊரோ பெரும்பாலும் தப்பியது. பீரங்கிக்காகப் பருத்த சுவர், முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அலையைத் தடுத்து நின்றது.

நடை முடிந்து வெளியே வரும்போது அம்மதிலை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.