தலைமன்னார்ப் பாதையும் எஞ்சின் வலுக்கடத்தலும்

மதவாச்சியிலிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரை செல்லும் 106 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதை 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பாம்பன் பாலமும் திறக்கப்பட, இடையிற் கப்பலேறிச் சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே பயணச்சீட்டிற் செல்லும் காலம் பிறந்தது. இப்பாதையைப் பற்றிப் பேசுவோருக்குத் தோட்டத் தொழிலாளரும், தனுஷ்கோடியும், 1964 டிசெம்பர்ப் புயலும் நினைவுக்கு வருதல் இயல்பே. வண்டியை இழுத்த எஞ்சினுக்கும் அதன் சில்லுகளுக்கும் இடையே இருந்த பொறியமைப்பு யார் நினைவிலும் வருவதில்லை. ஆயினும் ஓர் எஞ்சின் பத்தாண்டு உழைப்பதும் எழுபதாண்டு உழைப்பதும் பெரிதும் அவ்விடைவெளியிலேயே தீர்மானிக்கப்படுகின்றன.

நீராவி எஞ்சினுக்கு இச்சிக்கல் இருக்கவில்லை. அசையாது நிற்கும்போதே அதன் ஆடுதண்டு முழு விசையையும் சில்லுக்குக் கொடுக்கவல்லது. டீசல் எஞ்சினின் இயல்பு வேறு. அது தான் சுழன்றுகொண்டிருந்தால் மாத்திரமே வலுவைத் தரும். நின்ற நிலையில் அதனிடம் எதுவுமில்லை. எனவே சுழலும் எஞ்சினையும் சுழலாது நிற்கும் சில்லையும் இணைக்க ஓர் இடைத்தரகர் தேவைப்படுகின்றார். மோட்டார் வண்டியில் இப்பணியைக் கிளச்சும் கியர்ப்பெட்டியும் செய்கின்றன. ஆயிரம் குதிரைவலுவை நூற்றுக்கணக்கான தொன் சுமையின் மீது செலுத்தும்போது, பற்சக்கரங்களைப் பிரித்தும் கோத்தும் அதே பணியைச் செய்வது எளிதன்று. ஆகவே புகையிரதப் பொறியியலாளர் இரண்டு வழிகளை நாடினர்.

முதலாவது மின்வழி. எஞ்சின் ஒரு மின்பிறப்பாக்கியைச் சுழற்றும். அம்மின்னோட்டம் கம்பி வழியே சென்று அச்சுகளிற் பொருத்தப்பட்ட இழுவை மோட்டர்களை இயக்கும். எஞ்சினுக்கும் சில்லுக்குமிடையே கம்பியைத் தவிர வேறு தொடர்பில்லை. இலங்கையில் 1938இல் ஓடத் தொடங்கிய ‘சில்வர் ஃபோம்’, ‘சில்வர் ஸ்பிறே’, ‘சில்வர் மிஸ்ற்’ ஆகிய வண்டித்தொடர்கள் இம்முறையினவே. 1953இல் பிரித்தானியாவிலிருந்து எம்1 வகை எஞ்சின்களும், அடுத்த ஆண்டு கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவிலிருந்து 1,425 குதிரைவலு கொண்ட எம்2 வகை எஞ்சின்களும் வந்தன. ஒன்ராறியோ, அல்பேட்டா, சஸ்கச்சுவான் எனக் கனேடிய மாகாணங்களின் பெயர் தாங்கியவை அவை. இம்மாற்றத்தை முன்னின்று நடத்தியவர் பொறியியலாளரான பி. டி. ரம்பாலா, 1955இல் அவர் புகையிரதப் பகுதியின் பொது முகாமையாளரானார்.

இரண்டாவது பாய்ம வழி. இதன் பிறப்பிடம் தண்டவாளமன்று, கடல். ஸ்ரெற்றின் நகரின் வல்கன் கப்பற்றளத்திற் பணிபுரிந்த ஹெர்மான் ஃபோட்டிங்கர் என்ற ஜேர்மானியர் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். விரைந்து சுழலும் நீராவிச் சுழலியைக் கொண்டு, மெதுவாகச் சுழலவேண்டிய கப்பல் விசிறியை எவ்வாறு இயக்குவது என்பதே அவர் எதிர்கொண்ட வினா. ஒரு மூடிய பேழையினுள் எஞ்சினாற் சுழற்றப்படும் விசிறி, திரவத்தை எற்றி எதிரேயுள்ள மற்றொரு விசிறியைச் சுழற்றுகின்றது. இடையில் நிலையாக நிற்கும் அலகுகள் திரவத்தின் போக்கைத் திருப்பி அதன் முறுக்கத்தை மிகுவிக்கின்றன. இம்முறுக்கமாற்றியே பின்னர் மோட்டார் வண்டிகளின் தானியங்கிக் கியர்ப்பெட்டிக்கு உயிர்நாடியாயிற்று. 1940ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபீல் வண்டிகளில் வந்த ஹைட்ராமாட்டிக் பெட்டியில் முறுக்கத்தை மிகுவிக்காத எளிய பாய்ம இணைப்பே இருந்தது. 1948இல் பியூக் நிறுவனத்தின் டைனாஃபுளோ முறுக்கமாற்றியையே கையாண்டது. 1958இல் நிறுவப்பட்ட இலங்கைப் போக்குவரத்துச் சபை லண்டனிலிருந்து பழையனவாக வாங்கிய ஆர்.டி. வகை இரட்டைத்தட்டு பஸ்களிலும் இதன் உறவினர் ஒருவர் இருந்தார். கிளச்சுக்குப் பதிலாக எண்ணெய் நிறைந்த பறப்புச் சில்லு. சாரதி கியரை முன்கூட்டித் தெரிந்துவைத்து, வேண்டியபோது மிதியை அழுத்தினாற் போதும்.

1969இல் மேற்கு ஜேர்மனியின் ஹென்செல் நிறுவனத்திடமிருந்து இலங்கை பெற்ற டபிள்யூ1 வகை எஞ்சின்கள் இப்பாய்ம வழியைச் சேர்ந்தவை; 1,150 குதிரைவலு உடையவை. பெட்டியினுள் உள்ள மாற்றிகளுள் ஒன்றில் எண்ணெய் நிறைய, மற்றொன்றில் வடிய, வேகநிலை தானே மாறும்.

இவ்விரண்டையும் மன்னார்க் கரையில் நிறுத்தி ஒப்பிடுதல் பயனுடையது. கடுகண்ணாவ ஏற்றம் போன்ற சோதனை இங்கில்லை. முருங்கனைக் கடந்து தீவுக்குள் நுழைந்து பேசாலை வழியே செல்லும் பாதை ஏறத்தாழச் சமதரை. இங்கு எதிரி உப்புக்காற்றும் மணலும். இழுவை மோட்டர் வெளிக்காற்றாற் குளிரூட்டப்படுவது. அக்காற்றோடு வரும் உப்பீரம் மின்காப்பைக் கெடுக்கும். பாய்மப் பெட்டியோ மூடி முத்திரையிடப்பட்டது. ஏட்டுக் கணக்கின்படி கடற்கரைக்கு உகந்தது அதுவே எனலாம்.

ஆனால் வரலாறு ஏட்டுக் கணக்கைப் பின்பற்றவில்லை. எம்2 எஞ்சின்களுட் சில எழுபதாண்டை அண்மித்தும் ஓடின. டபிள்யூ1 எஞ்சின்களிற் பெரும்பாலானவை அதற்கு நெடுநாள் முன்னரே ஒதுக்கப்பட்டன. பவர் செற் என்று பயணிகள் அழைக்கும் வண்டித்தொடர்களிற் பல பாய்ம முறையையே தொடர்ந்தன என்பது உண்மையே. எனினும் 1975இற் கனடாவிலிருந்தும், 1979இல் ஜப்பானின் ஹிற்றாச்சியிடமிருந்தும், 1996இலும் 2012இலும் இந்தியாவின் வாரணாசியிலிருந்தும் வாங்கப்பட்ட பெருவழி எஞ்சின்கள் யாவும் மின்வழியினவே.

காரணம் பழுதுபார்த்தலிலும் மீளக்கட்டுதலிலும் உள்ளது. இழுவை மோட்டர் ஒன்று எரிந்தால் அதனை மட்டும் கழற்றி, செப்புக்கம்பியை மீளச்சுற்றிப் பூட்டலாம். மற்ற மோட்டர்களுக்கு அதனால் ஊறில்லை. பாய்மப் பெட்டி பழுதுற்றால் முழுப் பெட்டியையும் இறக்கவேண்டும். அதன் தாங்கிகளும் அடைப்புகளும் செய்தவனிடமிருந்தே வரவேண்டும். எஞ்சினையே மாற்ற நேர்ந்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். ஹிற்றாச்சி எம்5 வகையிற் பல, புதிய எஞ்சின் பெற்று எம்5ஏ, எம்5பி, எம்5சி எனப் பிரிந்தன. டபிள்யூ1 எஞ்சின்களிற் சிலவும் புத்தெஞ்சின் பூண்டு டபிள்யூ3 ஆயின. ஆனால் அங்கே புதிய எஞ்சினின் வேகமும் முறுக்கமும் பழைய பாய்மப் பெட்டியின் அளவோடு இசையவேண்டும். பழைய வண்டிக்குத் தானியங்கிப் பெட்டி தேடும் எந்தப் பணிமனையும் அறிந்த இடர்ப்பாடு இது. திறமையாற் பாய்மம் தோற்றது என்பதைவிட, அந்நியச் செலாவணி அருகிய நாட்டிற் பணிமனையின் கை எட்டாமையாற் பின்தங்கியது என்பதே பொருந்தும்.

1980களின் நடுப்பகுதியில் இராமேஸ்வரக் கப்பற் சேவை நின்றது. 1990இற் புகையிரதமும் நின்றது. பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டன. அவ்வாண்டு மன்னார் மக்கள் கடலை நம்பவேண்டியதாயிற்று. அகதிகள் இராமேஸ்வரக் கரையை நோக்கிச் சென்றனர். ஒக்ரோபரில் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பலர் கற்பிட்டிக் கரையை நோக்கிச் சென்றனர். அவர்களை ஏற்றிய கண்ணாடியிழைப் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரத்தில் முன்னே, நடுநிலை, பின்னே என்பவற்றைத் தவிர வேறு கியர் இல்லை. விசிறி நீரிற் சற்று வழுக்கிச் சுழலக்கூடியதாகையால் வேகநிலை மாற்றும் பெட்டியே அங்குத் தேவைப்படவில்லை; ஃபோட்டிங்கர் பேழைக்குள் அடைத்த அதே நீரின் இயல்பு, மன்னார்க் கடலில் திறந்த வெளியிற் பணியாற்றியது.

இந்தியாவின் இர்கொன் நிறுவனம் பாதையை மீள அமைத்தது. மடு வீதி வரையான 43 கிலோமீற்றர் 2013இலும், எஞ்சிய 63 கிலோமீற்றர் 2015 மார்ச் 14ஆம் நாளும் திறக்கப்பட்டன. அன்று தலைமன்னார் இறங்குதுறைக்கு வண்டி வந்து சேர்ந்தபோது, அங்கிருந்து இராமேஸ்வரம் செல்லக் கப்பல் எதுவும் காத்திருக்கவில்லை.